பாதி அப்டேட்டில் நின்றுபோன கேம் மெஷின்: காப்பாற்றப் போய் நாம் செய்யும் தவறுகள்

போன வருஷம் மாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பள்ளத்தூரிலிருந்து அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, கரண்ட் போயிருச்சு மாமா. நான் ஒண்ணுமே பண்ணலை."

ஒண்ணுமே பண்ணாதவன் எதற்குப் போன் பண்ணப் போகிறான்? மலேசியாவிலிருந்து வந்த பெரியப்பா கொடுத்துவிட்டுப் போன பழைய பிஎஸ்பி 2000, கையில் பிடித்து ஆடுகிற சோனி கேம் மெஷின். அதில் கடைசியாக வந்த 6.61 ஃபர்ம்வேரை, அதாவது மெஷினை இயக்குகிற அடிப்படை மென்பொருளை, ஏற்றியிருக்கிறான், எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டுகிற கோடு பாதி ஓடியபோது கரண்ட் போயிருக்கிறது. பேட்டரி இருக்கிறதே, தாங்காதா என்றால், பத்து வருஷப் பேட்டரி சார்ஜரில் இருக்கும்வரை நூறு காட்டும், பிடுங்கின நிமிஷம் படுத்துவிடும். இப்போது சுவிட்சைத் தள்ளினால் பச்சை விளக்கு வருகிறது, சில நொடியில் அணைகிறது, திரையில் ஒன்றும் இல்லை. நான் காரைக்குடியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அரை மணி நேரம். கரண்ட் செய்த சேதத்தைவிட அந்த அரை மணி நேரத்தில் அவன் செய்த சேதம் அதிகம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதைப் பிரிக் ஆகிவிட்டது என்பார்கள், அதாவது செங்கல் ஆகிவிட்டதாம். என்னிடம் வந்த செங்கற்களில் பாதி செங்கலே இல்லை. நம்ம ஊர்ப் பெரிய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்: முகப்பு ஒரு தெருவில், கடைசிக் கட்டு அடுத்த தெருவில். முன்கதவு தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டால் கதவை யாரும் கோடாலியால் பிளப்பதில்லை, சுற்றிக்கொண்டு போய்ப் பின்வாசல் வழியாக நுழைவோம். கேம் மெஷினும் அப்படித்தான். சிப்புக்குள் தயாரிக்கும்போதே பதித்துவிட்ட சின்ன நிரல் ஒன்று இருக்கிறது, பூட்ராம் என்று பெயர், அதை எந்த அப்டேட்டாலும் அழிக்க முடியாது. அதற்கு மேலே இருக்கும் அடுக்குகள்தான் பாதியில் கலைந்திருக்கும். அந்த அடுக்குகளைத் திரும்ப எழுதப் பெரும்பாலான கம்பெனிகள் ஒரு பின்வாசல் வைத்திருக்கின்றன. அதைத் தேடாமல் முன்கதவையே உதைப்பதில்தான் எல்லாத் தவறும் ஆரம்பிக்கிறது.

முதல் உதை, பவர் பட்டன். கோடு நகரவில்லை, திரை கறுத்துவிட்டது, உடனே அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவது. அப்டேட்டில் திரை கறுப்பது சகஜம். ஸ்டீம் டெக் மாதிரியான மெஷினில் பயாஸ் என்கிற, மெஷினைக் கிளப்பும் நிரலை எழுதும்போது திரை ஒன்றும் காட்டாமல் நிமிஷக்கணக்கில் நிற்கும், அந்த நேரத்தில் அணைத்தால்தான் நிஜமான செங்கல் கிடைக்கும். சார்ஜரில் போட்டுவிட்டு அரை மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதற்கப்புறமும் அசையவில்லை என்றால் அணைக்கலாம்.

சார்ஜர் என்றதும் ஒன்று. பிஎஸ்பிக்கு யுஎஸ்பி ஒயர் போதாது, 1000 மாடல் அதில் சார்ஜே ஏறாது, உருண்டை முனை உள்ள அந்த 5 வோல்ட் சார்ஜர்தான் வேண்டும். அதைச் செருகுகிற பிளக்கும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கும், ஆனால் பட்டாலையில் இரண்டு ஃபேன், ஒரு லைட், ஒரு பிளக், அவ்வளவுதான் அதன் ராஜ்யம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் போடுகிறார்கள், அன்றைக்குக் காலையில் அப்டேட்டை ஆரம்பித்துவிட்டு யாரையும் திட்டாதீர்கள்.

பின்வாசல் இருப்பது தெரிந்தவர்களும் உள்ளே போய்த் தப்பான அறைக் கதவைத் திறக்கிறார்கள். நின்டென்டோ ஸ்விட்ச்சில் பவர் பட்டனைப் 12 நொடிக்குக் குறையாமல் பிடித்து முழுசாக அணைத்துவிட்டு, சத்தத்தைக் கூட்டுகிற குறைக்கிற இரண்டு பட்டனையும் சேர்த்துப் பிடித்தபடி பவரை அழுத்தினால் பராமரிப்புத் திரை வரும். முதலில் அப்டேட்டை மறுபடி முயற்சி செய்யச் சொல்லுங்கள். அது நடக்கவில்லை என்றால் சேவ் கோப்புகளை, அதாவது அதுவரை ஆடி வைத்ததை, விட்டுவிட்டு மற்றதை மட்டும் துடைக்கிற தேர்வு ஒன்று இருக்கிறது, அடுத்தது அதுதான். பதற்றத்தில் முழுசாகத் துடைப்பதைத் தொட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்விட்ச்சில் சேவ் எல்லாம் உள்நினைவகத்தில் இருக்கும், எஸ்டி கார்டில் இல்லை. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு "கேம் இதுல இருக்குல்ல" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

சோனியின் விட்டாவில் ஆர், பிஎஸ், பவர் மூன்று பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் சேஃப் மோட். அங்கே தரவுத்தளத்தை மறுபடி கட்டுகிற தேர்வும் மெமரி கார்டை ஃபார்மேட் செய்கிற தேர்வும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக இருக்கும், விரல் வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நின்டென்டோ 3டிஎஸ்ஸில் எல், ஆர், மேல் அம்பு, ஏ நான்கையும் பிடித்தபடி பவர். ஸ்டீம் டெக்கில் இரண்டு சிஸ்டம் பிரதிகள் இருப்பதே பலருக்குத் தெரியாது: மூன்று புள்ளி போட்ட பட்டனைப் பிடித்துக்கொண்டு பவரை அழுத்தினால், அப்டேட்டுக்கு முந்தைய பிரதியில் கிளம்பலாம். இதைச் செய்து பார்க்காமல் நேரே 8 ஜிபி பென் டிரைவில் மீட்புப் படிமம் எழுதி, எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக எழுதுகிற ரீஇமேஜ் கொடுத்து, இருந்த கேம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்த ஒரு தம்பிக்கு நான் காபி வாங்கிக் கொடுத்தேன், வேறு என்ன செய்ய முடியும்.

இப்போது அதிகமாக வருவது பழைய காலத்துக் கேம்களை ஆட வாங்குகிற இந்த விலைமலிவான சீன ரெட்ரோ மெஷின்கள்தான், ஆர்36எஸ், மியூ மினி, ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் வகையறா. இவற்றைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஆர்36எஸ், ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் மாதிரியானவற்றில் சிஸ்டமே எஸ்டி கார்டில்தான் இருக்கிறது. ஆகவே கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் செத்தது மெஷின் இல்லை, கூடவே வந்த பேர் தெரியாத கார்டுதான். அதைச் சரிபார்க்கக் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகுவீர்கள், விண்டோஸ் உடனே "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று ஒரு சன்னலைத் திறக்கும். ஒன்று இல்லை, இரண்டு மூன்று சன்னல். கார்டில் இருக்கும் லினக்ஸ் பகுதிகள் விண்டோஸுக்குப் புரியவில்லை, அதைத்தான் அப்படிச் சொல்கிறது. சரி என்று அழுத்தினீர்கள், முடிந்தது. கேன்சல், கேன்சல், கேன்சல். அப்புறம் வின்32 டிஸ்க் இமேஜர் போன்ற ஒன்றால் கார்டை முழுசாக ஒரு கோப்பாகப் பிரதி எடுத்துவிட்டு, மிச்ச வேலையை வேறு நல்ல கார்டில் செய்யுங்கள். வாங்கின அன்றைக்கே இந்தப் பிரதி எடுத்துவைக்கிறவன் புண்ணியவான்.

நல்ல கார்டு என்பதும் பெரிய கதை. 128 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி வைத்திருக்கும் போலிகள் தாராளம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருள் கார்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். அதை ஓடவிட்டுவிட்டு மதியச் சாப்பாடு சாப்பிட்டு ஒரு தூக்கமும் போடலாம், அவ்வளவு நேரம் எடுக்கும்.

ஆர்36எஸ்ஸில் இன்னொரு கண்ணி. புது கார்டில் சிஸ்டம் எழுதிப் போட்டால் விளக்கு எரியும், சத்தம்கூட வரும், திரை மட்டும் இருட்டு. திரை போய்விட்டது என்று நினைத்து மாற்றுத் திரைக்கு ஆர்டர் போட்டவர்கள் உண்டு. அந்த மெஷினைப் பல தவணைகளில் பல வகைத் திரைகளை வைத்துச் செய்திருக்கிறார்கள், வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எந்தத் திரை என்பதைச் சிஸ்டத்துக்குச் சொல்வது டிடிபி என்று முடிகிற ஒரு சின்னக் கோப்பு. பழைய கார்டில் பூட் என்று பெயர் போட்ட பகுதி விண்டோஸிலேயே திறக்கும், அதில் அந்தக் கோப்பு இருக்கும். அதை எடுத்துப் புது கார்டின் பூட் பகுதியில் அதே பெயரில் இருப்பதன் மேல் ஒட்டினால், பெரும்பாலும் வெளிச்சம் வந்துவிடும். இதற்குத்தான் பழைய கார்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்பது. அப்படியும் வரவில்லை என்றால் உங்களிடம் இருப்பது ஆர்36எஸ் மாதிரியே செய்த நகலாக இருக்கலாம். அதன் சர்க்யூட் பலகை வேறு, ஆர்36எஸ்ஸுக்கான ஆர்க் ஓஎஸ் என்ற சிஸ்டம் அதில் ஓடாது.

மாடல் குழப்பம் மியூவிலும் உண்டு. மினிக்கும் மினி பிளஸ்ஸுக்கும் ஃபர்ம்வேர் வேறு வேறு, கோப்பின் பெயரிலேயே 283, 354 என்று மாடல் எண் இருக்கிறது. அதைப் படிக்காமல், பெயரை மாற்றி வைத்துச் சாமர்த்தியம் காட்டி எழுதியவர்களுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. இறக்கிய கோப்பு முழுசாக வந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தடிச்சுவர் வீட்டுக்குள் ஒரு கோடு சிக்னலில், மொபைல் டேட்டாவில் 3 ஜிபி இறக்கினால் நடுவில் எங்கேயாவது அறுந்திருக்கும். கோப்பு கொடுத்த இடத்தில் ஷா256 எண், அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான எண், போட்டிருந்தால் ஒப்பிடுங்கள், இல்லையென்றால் சுருக்கிய கோப்பை 7-ஜிப்பில் திறந்து சோதனை பட்டனையாவது ஒருமுறை அழுத்துங்கள்.

அப்புறம் இந்தக் கடன் வாங்குகிற பழக்கம். நண்பனின் ஸ்விட்ச்சிலிருந்து எடுத்த நேண்ட் பிரதியை, அதாவது உள்நினைவகத்தின் நகலை, தன்னுடையதில் எழுதினால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஆகாது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனிச் சாவி, அந்தச் சாவியால் பூட்டிய தரவு இன்னொன்றில் திறக்காது. பழைய ஃபர்ம்வேருக்கே திரும்பிவிடலாம் என்றும் கிளம்பாதீர்கள்: ஸ்விட்ச்சில் பெரிய அப்டேட்டுகளின்போது சிப்புக்குள் இருக்கும், ஒருமுறை எரிந்தால் திரும்பாத சின்ன ஃப்யூஸ்களை எரித்துவிடுகிறார்கள், எரிந்த எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் பழைய சிஸ்டம் கிளம்ப மறுக்கும்.

கடைசியாகத் திருகாணி. மென்பொருள் கோளாறுக்கு மெஷினைப் பிரிப்பதே வீண், இருந்தும் பிரிப்பீர்கள் என்று தெரியும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் உட்கார்ந்து பிரிக்காதீர்கள். அந்தப் பூ வேலைப்பாட்டில் எள்ளளவு திருகாணி விழுந்தால் விளக்குமாறுதான் கண்டுபிடிக்கும், வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் கத்தியால் நெம்பாதீர்கள், அமுக்கிச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள். லித்தியம் தீப்பிடித்தால் விளையாட்டில்லை. 1953-லிருந்து சிக்ரி இயங்குகிற ஊர் இது, மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம், பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர் போனது, அதற்கு நாலு தெரு தள்ளி ஒருவர் வெங்காயக் கத்தியோடு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். ஹாட் ஏர் கன் வைத்திருக்கிற மொபைல் கடையில் கொடுத்தால், சில இடங்களில் எந்த நோய்க்கும் சிப்பைச் சூடு காட்டுவதுதான் மருந்து. என் சொந்த பிஎஸ்பி ஒன்று அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

அக்கா மகனுடையது பிழைத்தது. 1000-லும், 2000-ன் முந்தைய பலகைகளிலும் பண்டோரா பேட்டரி என்று ஒரு வித்தை உண்டு, 2007-ல் வெளிவந்தது: பேட்டரிக்குள் இருக்கும் வரிசை எண்ணை மாற்றிவிட்டால், மெஷின் அதைக் கம்பெனிக்காரர்களின் சர்வீஸ் பேட்டரி என்று நம்பி மெமரி ஸ்டிக்கிலிருந்தே கிளம்பும். 3000-ல் இது செல்லாது, 2000-லும் டிஏ-088 பலகையின் மூன்றாம் பதிப்பில் செல்லாது, அது தெரியாமல் காசு கொடுத்துப் பேட்டரி வாங்குவதும் ஒரு தவறுதான். அவனுடையது டிஏ-085. ஒரு மாலை வேலை, எழுந்துவிட்டது.

ஆனால் நான் வண்டியில் வந்துகொண்டிருந்த அந்த அரை மணி நேரத்தில், மெமரி ஸ்டிக்கில்தான் கோளாறு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதை அவங்க அப்பச்சியின் பழைய கேமராவில் போட்டு ஃபார்மேட் செய்திருந்தான். பெரியப்பா வருஷக்கணக்கில் ஆடி வைத்திருந்த சேவ் எல்லாம் அதில்தான் இருந்தது. அப்டேட் நின்றுபோனதற்கு ஸ்டிக் காரணமே இல்லை, பாதி எழுதியது உள்ளே இருந்த ஃப்ளாஷில்.

இப்போதெல்லாம் அப்டேட் என்றால் பட்டாலையில் இன்வெர்ட்டர் பிளக்கில் ஓடும் அப்பத்தாவின் டேபிள் ஃபேனைக் கழற்றிவிட்டுத்தான் சார்ஜரைச் செருகுகிறான். அப்பத்தா திட்ட ஆரம்பித்ததும் எனக்குப் போன் போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறான்.