செத்த வீட்டு ஜெபத்தை நடத்துகிறவர்களுக்கு

ஆறு மணிக்கு ஜெபம் என்றால் திருகோணமலையில் ஆக்கள் வந்து சேர ஆறரை ஆகும். நடத்துகிறவர் ஆறுக்கே போய்விட வேண்டும். அந்த அரை மணித்தியாலம் வீட்டாருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுச் சும்மா இருப்பதற்கு. வேதாகமத்தில், பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர்கள் 7 பகலும் 7 இரவும் அவனோடு தரையில் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்களில் குற்றமில்லை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் பிழைத்துப்போனது.

கத்தோலிக்கரும் மெதடிஸ்டும் கலந்த குடும்பமா என்று முதலே கேளுங்கள். இறந்தவரின் ஆத்துமாவுக்காக மன்றாடுவதும் செபமாலையும் கத்தோலிக்க வழக்கம். மெதடிஸ்டுகள் அவருடைய வாழ்க்கைக்கு நன்றி சொல்லி, இருக்கிறவர்களுக்காக ஜெபிப்பார்கள். யார் எதை நடத்துவது என்பதை முற்றத்திலேயே பேசி முடியுங்கள், பெட்டிக்கு முன்னால் வேண்டாம். சைவ, முஸ்லிம் அயலவர்களும் வந்திருப்பார்கள். அவர்களுக்குப் பிரசங்கம் வைக்க இது நேரமில்லை.

மொத்தம் 30 நிமிஷம் போதும். வீட்டார் நித்திரை கொண்டு எத்தனை நாளோ.

பாட்டு ஒன்று முடிந்ததும் சங்கீதம் 13. ஆறே வசனம்; முதல் இரண்டிலேயே ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி 4 தரம் வரும். மெதுவாக வாசியுங்கள். அழுகிறவர் அழட்டும், நிறுத்தி ஆறுதல் சொல்ல வேண்டாம். அடுத்தது யோவான் 11, வசனம் 17 முதல் 36 வரை. ‘நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான்’ என்ற முறைப்பாட்டை மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே சொல்கிறார்கள். இயேசு இருவரையும் கண்டிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சகோதரன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறவர், அதற்கு முன் அழுகிறார். உங்கள் 5 நிமிஷப் பேச்சுக்கு இது ஒன்றே போதும்.

பரலோகத்தைப் பற்றிய வாசிப்பு அதற்குப் பிறகுதான்: வெளிப்படுத்தல் 21:1-5. இதை முதலில் வாசித்தால், ‘இனி அழாதே’ என்று அதட்டுவது போலக் கேட்கும். மேலே பறந்து போகிற ஆத்துமா இந்தப் பகுதியில் இல்லை. நகரம்தான் கீழே இறங்கி வருகிறது, தேவன் மனிதரோடு குடியிருக்கிறார். முதலாம் வசனத்தில் ‘சமுத்திரமும் இல்லாமற்போயிற்று’ என்று வரும். கடற்றொழில் செய்கிற வீட்டில் யாராவது நிமிர்ந்து பார்ப்பார்கள். கடலே இல்லாத மோட்சமா? அதே புத்தகத்தில் தேவனை எதிர்க்கிற மிருகம் எழும்புவது கடலிலிருந்து (13:1). கடல் தன்னிலுள்ள மரித்தவர்களை ஒப்புவிப்பது 20:13இல். விழுங்கினதைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அது இல்லாமல் போகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆளைப் பறிகொடுத்த வீட்டில் அந்த 20:13ஐயும் சேர்த்து வாசியுங்கள்.

ரோமர் 8:28ஐ மட்டும் பிய்த்தெடுத்து வாசிக்காதீர்கள். 22, 23ஆம் வசனங்களில் படைப்பும் நாமும் தவிக்கிற தவிப்பை விட்டுவிட்டால் ‘சகலமும் நன்மைக்கே’ வெறும் வாய்ச்சொல்லாகிவிடும். பிள்ளையை இழந்த தாயிடம் ‘ஆண்டவருக்குத் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்’ என்பது ஆண்டவரைக் கள்ளனாக்குகிற பேச்சு. ‘என்ன பாவமோ’ என்று யாராவது முணுமுணுத்தால் லூக்கா 13:4 இருக்கிறது: சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்கிறார். சுனாமியைப் பற்றி இன்னும் அப்படிக் கதைக்கிறவர்களுக்கும் அதுதான் மறுமொழி.

ஜெபத்தில் பெயர்களைச் சொல்லுமுன் கவனம். யுத்த காலத்தில் காணாமல் ஆக்கப்பட்ட மகன் அந்த வீட்டில் இருக்கலாம். தாய் தானாகச் சொல்லாதவரை அவனை மரித்தவர்களோடு சேர்க்காதீர்கள். ‘எங்கே இருந்தாலும் உம்முடைய கண்ணுக்கு மறைவில்லாதவன்’ என்று பெயரைச் சொல்லி, அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள்.

31ஆம் நாள் முடிந்ததும் வாசலில் கதிரைகள் குறைந்துவிடும். உங்கள் அடுத்த வருகையை 40ஆம் நாளுக்குப் போடுங்கள், வேதாகமத்தோடு ஒரு இறாத்தல் பாணையும் எடுத்துக்கொண்டு.