மேதைச் சிறுமியின் நாவலுக்கு இளம் வாசகர்களின் கருத்தைத் திரட்டும் முறை

அபாரத் திறமை கொண்ட சிறுமி ஒருத்தியை மையமாக வைத்த இளையோர் நாவலைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், பெரியவர்கள் கதையை விட்டுவிட்டுத் தங்கள் வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணுக்குப் போய்விடுகிறார்கள். அதன்பின் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. ஆகவே, பாளையங்கோட்டையில் நாங்கள் மாதந்தோறும் நடத்தும் வாசிப்புக் கூட்டத்துக்குப் பிள்ளைகளை முதலிலும் பெற்றோரை ஒரு மணி நேரம் கழித்தும் வரச் சொல்கிறோம். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். வாசிப்பதற்கு மூன்று வாரமாவது கொடுங்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நாள்களில் வேண்டாம்.

“புத்தகம் பிடித்திருந்ததா?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்தப் பக்கத்தில் மேலே படிக்க முடியாமல் நிறுத்தினீர்கள், எந்த இடத்தை நம்ப முடியவில்லை என்று கேளுங்கள். இக்கேள்விக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பேருந்துச் சீட்டை மடித்து அடையாளம் வைத்திருந்த பக்கத்தை விரித்துக் காட்டினாள். விடை தெரிந்திருந்தும் நாயகி வேண்டுமென்றே தப்பாக எழுதும் இடம் அது. “நான் தெரியும்னு கையத் தூக்குனா, ‘ஏட்டி, போதும் ஒக்காரு’ன்னு சொல்லுவாளுவக்கா” என்றாள். எதிரில் இருந்த பையனோ, மார்க்கை யாரும் அப்படி விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அது எழுத்தாளர் இட்டுக்கட்டியது என்று உறுதியாக மறுத்தான். இத்தகைய இடத்தில் நடத்துபவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இருவரையும் அதே பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லி, எந்த வரியைக் கொண்டு அவ்வாறு நினைக்கிறார்கள் என்று கேட்பதே போதும்.

பேச்சு தளர்ந்தால் நம் ஊர்ச் சான்று ஒன்று உண்டு. எட்டயபுரம் அரசவையில் 11 வயதில் ‘பாரதி’ என்னும் பட்டம் பெற்ற சுப்பிரமணியன், 1894 முதல் 1897 வரை நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தார். இன்றும் நடக்கும் அப்பள்ளியைப் பிள்ளைகள் அறிவார்கள். அங்கே பெற்ற ஆங்கிலக் கல்வியால் தந்தைக்கு ஆயிரம் செலவானதென்றும் தமக்குப் பல்லாயிரம் தீமை சேர்ந்ததென்றும் அவர் பின்னாளில் தன்வரலாற்றுப் பாட்டில் வருந்தினார். இதைச் சொல்லிவிட்டு, நாவலின் நாயகி வளர்ந்தபின் தன் பள்ளியைப் பற்றி என்ன எழுதுவாள் என்று கேளுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் பாரதியிடம் தங்க வேண்டாம். வந்தது நாவலைப் பேச.

பெற்றோர் வந்ததும், நாயகியின் தாயாகவோ தந்தையாகவோ தம்மை வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

குறிப்பெடுக்கும்போது பிள்ளைகளின் சொல்லைத் திருத்தாதீர்கள். ‘சொல்லுவாளுவ’ என்பதைச் ‘சொல்வார்கள்’ என்று மாற்றினால், அந்த வகுப்பறையின் குரல் போய்விடும். எழுதிய தாளைப் பெயரின்றிப் படியெடுத்து, நூலின் பின்னட்டை உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். முன்னட்டையில் ஒட்டினால், அடுத்து வாங்கிச் செல்லும் பிள்ளை கதைக்கு முன்பே கருத்தைப் படித்துவிடும்.