வளைகுடா வேலைக்குக் கிளம்பும் முன் ஊரிலேயே சரிசெய்ய வேண்டியவை

விசா கைக்கு வந்த பிறகுதான் பலரும் தயாராகத் தொடங்குகிறார்கள். ஆனால் வளைகுடாவில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் பாதி, பாஸ்போர்ட்டில் பெயர் அச்சான அன்றே தொடங்கிவிடுகிறது. ஊரில் அரை நாளில் முடிகிற ஒரு கையெழுத்து வேலை, அங்கே போய்விட்டால் லீவு கேட்டு, தூதரகத்தில் நேரம் வாங்கி, கூரியரில் அனுப்பி என்று வாரக்கணக்கில் இழுக்கும்.

முதலில் பெயர். நம் பள்ளிச் சான்றிதழில் 'கா. முருகன்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள். அதனால் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு, வெறும் 'முருகன்' என்று எடுத்துவிடுகிறவர்கள் நிறைய. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் விசிட் விசா போன்றவற்றில் வரும் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை ஏற்பதில்லை என்று அறிவித்தது. தந்தை பெயரையோ வேறு பெயரையோ குடும்பப் பெயராகச் சேர்த்து மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். இதை விசா எடுக்கும் முன்பே செய்ய வேண்டும். விசா அடித்தபின் பாஸ்போர்ட் எண் மாறினால் இரட்டை வேலை. பெயர் மாறியதும் பான், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டலுக்கு வாருங்கள். சான்றிதழில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, சான்றிதழை லேமினேட் செய்வது. பத்திரமாக இருக்கட்டும் என்று செய்வதுதான். ஆனால் அமீரகத்துக்குப் பட்டச் சான்றிதழை அட்டஸ்டேஷன் (அசல்தான் என்று அரசு ஒப்பமிடுவது) செய்யும்போது மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக அசல் சான்றிதழின் பின்பக்கத்தில்தான் முத்திரையும் வில்லையும் விழும். லேமினேட் செய்த தாளில் அதற்கு இடமில்லை. முடிவில் அமீரக வெளியுறவு அமைச்சகமும் ஒப்ப வேண்டும். ஓமன், பஹ்ரைன், சவுதி ஆகியவை அபோஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டன; அங்கே தூதரக ஒப்பம் தேவையில்லை, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் முத்திரையே போதும். அமீரகத்துக்கு இந்த நீண்ட வழிதான். மனைவி மக்களைப் பிறகு அழைத்துக்கொள்ள நினைப்பவர்கள் திருமணச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் இதே ஓட்டத்தில் முடித்துவிடுவது நல்லது.

இனி ஏஜென்ட். பெரும் பணம் தொலைவது இங்கேதான். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை) என்று அச்சாகியிருக்கும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். அதற்கான அரசு இணையதளம் எமைகிரேட். பத்தாவது தேறியும் பழைய பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். இருந்தால், மதிப்பெண் பட்டியலைக் காட்டி மாற்றிக்கொள்ளலாம். இதைத் தெரியாமலே பலர் அலைகிறார்கள்.

அனுமதி வாங்கும் அலைச்சலுக்குப் பயந்து, 'விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கக் கையில் ஒப்பந்தமும் இருக்காது. முறையாகப் போகிற ஈ.சி.ஆர். தொழிலாளிக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். விசிட் விசாவில் போனவரின் குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

பதிவு பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. ரசீது கட்டாயம். லட்சக்கணக்கில் கேட்டாலோ, 'அவர் எங்கள் ஆள்தான்' என்று ஊரில் ஒரு துணை ஏஜென்ட் பணம் வாங்கினாலோ எழுந்து வந்துவிடுங்கள். சட்டத்தில் துணை ஏஜென்டுக்கு இடமே கிடையாது. ஏஜென்டின் உரிமம் செல்லுபடியாகிறதா என்பதை எமைகிரேட் தளத்திலேயே பார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது.

அமீரகத்து வேலைக் கடிதத்தில் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். பணி முடிவில் தரும் கிராஜுவிட்டி முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுதோறும் 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணக்கிடப்படும். மொத்தம் 2,000 திர்ஹாமில் அடிப்படை 800 என்றால் ஐந்தாண்டு முடிவில் கிடைப்பது 2,800 திர்ஹாம். அதே மொத்தத்தில் அடிப்படை 1,400 என்றால் 4,900. ஓவர்டைமும் அடிப்படையை வைத்துத்தான். அந்தக் கடிதத்தைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ் வடிவமும் வைத்திருக்கிறது. ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிப்பதும், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் அங்கே சட்டவிரோதம்.

பெட்டி கட்டுவது அம்மாவோ மனைவியோ என்றால், கசகசா கூடாது என்று முதலில் சொல்லிவிடுங்கள். குருமாவுக்குப் போடுகிற அதே கசகசா வளைகுடா நாடுகளில் போதைப்பொருள் கணக்கில் வரும். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியிலும் அது இருக்கலாம். அமீரகத்தில் வெற்றிலைக்கும் தடை உண்டு. மருந்துகளில் டிரமடால், கோடீன் சேர்ந்த இருமல் சிரப், அல்பிரசோலம், டயசிபாம், பிரிகாபலின் ஆகியவை கட்டுப்பாட்டில் உள்ளவை. முதுகுவலிக்கும் தூக்கத்துக்கும் நம் ஊர் டாக்டர் எழுதிக்கொடுக்கிற சாதாரண மாத்திரைகள்தான் இவை. அமீரக அரசின் இணையதளத்தில் முன் அனுமதி பெறாமல் எடுத்துப் போனால் சிறை வரை போகும். மற்ற மாத்திரைகளையும் அட்டையோடு, மருந்தின் வேதிப்பெயர் எழுதிய ஆங்கிலச் சீட்டோடு கொண்டு போங்கள். இன்னொருவர் தரும் பொட்டலத்தை, அவர் சொந்தக்காரரே ஆனாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பணம். வேலைக்காக வெளிநாடு போனதும் உங்கள் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வங்கியில் சொல்லி என்.ஆர்.ஓ. ஆக்க வேண்டும். வீட்டு வாடகை போன்ற உள்ளூர் வரவு அதில் வரும். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு, அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தைத் திரும்ப வெளியே கொண்டு போகவும் தடையில்லை. வரி ஆண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால்தான் அந்த ஆண்டுக்கு வெளிநாடுவாழ் இந்தியர். அதனால் முடிந்தால் செப்டம்பர் 28-க்குள் கிளம்புங்கள். ஓடிபி வருகிற சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். 90 நாள் பயன்படுத்தாத எண் இன்னொருவருக்குப் போய்விடலாம்.

நிலம், வீடு இருந்தால் பவர் பத்திரத்தைக் கிளம்பும் முன் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே பதிவு செய்யுங்கள். நோட்டரி கையெழுத்து மட்டும் விற்பனைக்குப் போதாது. அங்கிருந்து எழுதினால் இந்தியத் தூதரக ஒப்பம் வாங்கி, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். 'எல்லா அதிகாரமும்' என்று எழுதாதீர்கள். எந்தச் சொத்து, என்ன வேலை என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

வீட்டில் ஒரு கோப்பை விட்டுப் போங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீட்டு பாலிசி ஆகியவற்றின் நகலும், கம்பெனியின் முழு முகவரியும் அங்குள்ள ஒரு நண்பரின் எண்ணும் அதில் இருக்கட்டும். அமீரகத்தில் இருப்பவர்கள் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற இந்தியர் உதவி மையத்தை 800 46342 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். அந்த எண்ணையும் கோப்பின் முதல் தாளில் எழுதி வையுங்கள்.