சுகர் இருக்குறவங்க வாக்கிங்லயும் சாப்பாட்டுலயும் பண்ற தப்புகள்

ஸ்வீட்டை நிறுத்து, காபில சக்கரை போடாதேன்னு எல்லாம் சொல்லப் போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும். எங்க பார்க்குக்குப் புதுசா வர்ற சுகர் பார்ட்டிங்க, நாங்க ஆரம்பத்துல அடிச்ச அதே கூத்தை வரிசை மாறாம அடிக்கிறாங்க, பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

வெறுங்கால்ல எட்டு போடுறது

இதை நினைச்சாலே இன்னும் பத்திக்கிட்டு வருது. கூழாங்கல் பதிச்ச எட்டு வடிவப் பாதையில செருப்பைக் கழட்டிட்டு நடந்தா சுகர் குறையும்னு யாரோ கெளப்பி விட்டுட்டாங்க. நடந்தா குறையும்தான், தசை வேலை செய்யும்போது ரத்தத்துல இருக்குற குளுக்கோஸை இழுத்துக்கும், அதுக்கு நேரா நடந்தா என்ன எட்டா நடந்தா என்ன, செருப்பை எதுக்குய்யா கழட்டணும்? பல வருஷமா சுகர் இருந்தா நிறைய பேருக்கு பாதம் மரத்துப் போயிருக்கும், குத்துனாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.

எங்க கூட நடக்குற அண்ணன் ஒருத்தர் எட்டு போட்டுட்டு வீட்டுக்குப் போய் ஹாயா பேப்பர் படிச்சுட்டு இருந்திருக்காரு, வாசல்ல இருந்து சோபா வரைக்கும் வெள்ளை டைல்ஸ்ல சொட்டு சொட்டா ரத்தம், அண்ணி கத்துனப்புறம் தான் காலைத் திருப்பிப் பாத்தா கண்ணாடிச் சில்லு ஏறியிருக்கு. "வலிக்கவே இல்லப்பா"ன்னு எங்ககிட்ட சொல்றாரு, ஏதோ சாதனை மாதிரி. டாக்டர்கிட்ட போகாம மஞ்சளை வச்சுக் கட்டிட்டு மறுநாளும் எட்டு போட வந்துட்டாரு! புண்ணு சீழ் பிடிச்சு கடைசில சுண்டு விரலை எடுத்தாங்க.

டாக்டர்கிட்ட மோனோஃபிலமென்ட் டெஸ்ட் கேளுங்க, நைலான் இழையால பாதத்துல தொட்டு உணர்ச்சி இருக்கான்னு பாப்பாங்க, சில நிமிஷ வேலை. மரத்திருந்தா எம்சிஆர் செருப்பு (சுகர்காரங்களுக்குன்னே மெத்துனு ரப்பர் அடி வச்சது) போடுங்க, வீட்டுக்குள்ளயும். ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி உள்ளங்காலைப் பாருங்க, குனிய முடியலன்னா தரையில கண்ணாடியை வச்சுப் பாருங்க.

மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்துல நடக்குறது

கிளிமிபிரைடுங்குற சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவங்க இதைப் பண்ணவே கூடாது. குப்புனு வேர்த்து கை நடுங்குதா, சுகர் 70-க்குக் கீழ இறங்கியிருக்கும். உடனே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி செக் பண்ணுங்க. பாக்கெட்ல குளுக்கோஸ் இல்லாம வாக்கிங் வராதீங்க.

"அரிசியே தொடுறதில்ல, சப்பாத்திதான்"

எத்தனை? அஞ்சு, கூட உருளைக்கிழங்கு குருமா! கோதுமையும் மாவுச்சத்துதான், ராகியும் மாவுச்சத்துதான், அதையும் கஞ்சியா கரைச்சுக் குடிச்சா இன்னும் சீக்கிரம் ஏறும். தட்டுல பாதி காய் இருக்கணும்.

டெஸ்ட்டுக்கு முந்தி ரெண்டு நாள் பத்தியம்

ரெண்டு நாள் வாயைக் கட்டி ஏமாத்த முடியாது, ஹெச்பிஏ1சிங்குற ரத்த டெஸ்ட் மூணு மாச சராசரி சுகர் கணக்கைக் காட்டிக் கொடுத்துடும்.