வைகைப் படங்களை ஸ்பார்க்கிலிருந்து ஜியோடிஃபாக எழுதுவது எப்படி

வைகை அணையிலிருந்து மதுரை வரை சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை எடுத்து, ஸ்பார்க்கில் (பெரிய தரவைப் பல கணினிகளில் பிரித்துக் கணக்கிடும் மென்பொருள்) அப்பாச்சி செடோனா (அதற்கான புவியியல் தரவு நூலகம்) வைத்து என்டிவிஐ (தாவரப் பசுமை அளவு) கணக்குப் போட்டாகிவிட்டது, இனி ஜியோடிஃப் (இட விவரமும் சேர்ந்த பட வகை) கோப்பாக எழுத வேண்டும். ராஸ்டர் (பிக்சல் படம்) இருக்கும் நெடுவரிசையை அப்படியே எழுத வராது. ஆர்எஸ்-ஆஸ்-ஜியோடிஃப் ஃபங்ஷனால் முதலில் பைனரியாக மாற்றி, அப்புறம் 'ராஸ்டர்' ஃபார்மேட்டில் சேவ் செய்யுங்கள்.

அட்டவணையின் ஒரு வரிசைக்கு (row) ஒரு கோப்பு வரும். ஒரே படமாகக் கிடைக்கும் என்று நினைத்துப் பலர் பார்ட்டிஷனை (ஸ்பார்க் தரவைப் பிரித்து வைக்கும் பகுதி) ஒன்றாகக் குறைக்கிறார்கள். கோப்புகளின் எண்ணிக்கை அதனால் குறையாது, எழுதும் வேலை மொத்தமும் ஒரே எக்ஸிக்யூட்டர் (வேலை செய்யும் ப்ராசஸ்) தலையில் விழும், அவ்வளவுதான். சென்டினல்-2 டைலில் (ஒரு சதுரப் படம்) 10 மீட்டர் பேண்ட் (ஒரு நிற அலைவரிசைப் படம்) ஒவ்வொன்றும் 10980-க்கு 10980 பிக்சல், பிக்சலுக்கு 2 பைட் என்றாலே சுமார் 241 எம்பி. அதனால் ஆர்எஸ்-டைல்-எக்ஸ்ப்ளோட் ஃபங்ஷனால் வெட்டி 512-க்கு 512 துண்டுகளாக எழுதுங்கள்.

பெயரை நீங்களே வையுங்கள். பாத்ஃபீல்ட் ஆப்ஷன் கொடுக்காவிட்டால் யூயூஐடி (தற்செயலான நீண்ட அடையாள எண்) பெயர்தான் வரும், எந்தத் துண்டு எங்கே என்று பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. மூலப் படத்தின் பெயரோடு துண்டின் எக்ஸ், ஒய் எண்களைச் சேர்த்து ஒரு நெடுவரிசை உருவாக்கி, அதன் பெயரைப் பாத்ஃபீல்டில் கொடுத்தால் போதும்.

கம்ப்ரெஷனுக்கு டிஃப்ளேட் நல்லது. ஜேபெக் வேண்டாம், மதிப்புகளையே மாற்றிவிடும்.

நம்ம பக்கத்தில் ரொம்பக் கவனிக்க வேண்டியது யுடிஎம் மண்டலம் (பூமியைத் தீர்க்கரேகைப்படி பிரித்த வரைபடப் பட்டை). 78 டிகிரி தீர்க்கரேகை உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் நடுவில் போகிறது. வைகை அணையும் உசிலம்பட்டியும் 43-வது மண்டலம், அதாவது இபிஎஸ்ஜி (ப்ரொஜெக்‌ஷனுக்கான குறியீட்டு எண்) 32643. மதுரை நகரம் 44-வது, 32644. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால், பிறகு ஜிடால் பில்ட்விஆர்டி (பல படங்களை ஒரே விஆர்டி கோப்பாக, அதாவது மெய்நிகர் படமாக, இணைக்கும் கருவி) வைத்து ஒட்டும்போது ப்ரொஜெக்‌ஷன் ஒத்துப்போகாத துண்டுகளை அது ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டுப் போய்விடும், அந்த வரியைப் பார்க்காமல் விட்டால் பாதி வைகை காணாமல் போயிருக்கும். எனவே ஆர்எஸ்-எஸ்ஆர்ஐடி ஃபங்ஷன் தரும் இபிஎஸ்ஜி எண்ணைப் பார்த்துப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு ஃபோல்டராக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி விஆர்டி செய்து, இரண்டையும் சேர்த்து ஜிடால்வார்ப்பில் (ப்ரொஜெக்‌ஷனை மாற்றும் கருவி) 32644-க்கு மாற்றுங்கள். நோடேட்டா மதிப்பை (இங்கே தரவு இல்லை என்று காட்டும் எண்) எழுதுவதற்கு முன்பே குறித்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு படத்தின் வெற்று ஓரம் அடுத்த படத்தின் நல்ல பிக்சல்களை மூடிவிடும்.

எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது கவனம்: பார்ட்டிஷனுக்கு ஒரு உள்ஃபோல்டர் இருக்கும், அதனால் ரிகர்சிவ் ஃபைல் லுக்கப்பை (உள்ஃபோல்டர்களிலும் தேடும் ஆப்ஷன்) ஆன் செய்துவிட்டுப் படித்து, துண்டுகளின் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள்.