பழைய டபுள் கேபின் டிப்பர் பார்க்கப் போறீங்களா? முதல்ல வண்டிக்கு அடியில் குனியுங்க

பைப்லைன், ரோடு பேட்ச், சின்னக் கட்டட வேலை எடுத்துச் செய்யறவங்களுக்கு நாலு ஆளும் ஒரு நடை ஜல்லியும் ஒரே வண்டியில் போய்ச் சேர்ந்தா பெரிய மிச்சம். ரெண்டு வரிசை சீட்டும், பின்னாடி தூக்கிக் கொட்டற தொட்டியும் உள்ள டபுள் கேபின் டிப்பரைத் தேடறது அதுக்குத்தான். கம்பெனியிலிருந்தே இரட்டைக் கேபினோட வந்த சின்ன டிப்பர் நம்ம பக்கம் அதிகம் கிடைக்காது. சாதா வண்டியோட கேபினை வெட்டி நீட்டி விற்கிறதும் உண்டு. அதனால விலை பேசறதுக்கு முன்னாடியே ஆர்.சி.யை வாங்கிப் பாருங்க. பாடி வகை, இருக்கை எண்ணிக்கை ரெண்டும் எதிரில் நிக்கிற வண்டியோட ஒத்துப் போகணும். ஆர்.சி.யில் டிரைவரோட 3 பேர், உள்ளே 6 சீட்டுன்னா அது அனுமதி வாங்காத மாற்றம். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) சோதனையில் நிறுத்திருவாங்க. விபத்துன்னு வந்தா பின்சீட்டு ஆளுக்கு இன்சூரன்ஸ் கேட்கறதும் பெரும்பாடு. பாலிசியில் எத்தனை ஆளுக்குப் பிரீமியம் கட்டியிருக்குன்னு தனியாப் பாருங்க. ஆளைப் பின்னாடி தொட்டியில் ஏத்திக்கலாம்கிற நினைப்பே வேண்டாம்.

இன்னொரு கணக்கும் ஆர்.சி.யிலேயே இருக்கு. மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழிச்சா வர்றதுதான் நீங்க ஏத்தக்கூடிய பாரம். 7,490 கிலோ மொத்த எடை, 3,600 கிலோ வெற்று எடைன்னா 3,890 கிலோ. தொட்டி உள்ளளவு 9 அடிக்கு 6 அடி, உயரம் 2 அடின்னா 108 கன அடி, அதாவது 1 யூனிட்டுக்கு (100 கன அடி) கொஞ்சம் மேலே. ஆனா 1 யூனிட் எம்-சாண்ட் சுமாரா நாலரை டன் வரும். தொட்டி கொள்ளுதேன்னு நிரப்பினா ஓவர்லோடு. பிடிச்சா 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தா எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் டிரைவரே போதும். சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பரில் அதை உறுதி பண்ணிருச்சு. சின்ன பட்ஜெட்டுக்கு இது நல்ல எல்லை.

இப்ப வண்டிக்கு வருவோம். வாங்க வர்றவங்க முதல்ல இன்ஜின் சத்தத்தைத்தான் கேட்கிறாங்க. இன்ஜின் போனா சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடுன்னு எங்க விட்டாலும் பிரிச்சுக் கட்டிருவாங்க. செலவு எவ்வளவுன்னு முன்கூட்டியே தெரியும். சேசிஸ், அதாவது வண்டியோட அடிச்சட்டம், விட்டுப்போன டிப்பருக்கு அந்தக் கணக்கே போட முடியாது.

வெளிச்சத்தில் சமமான தரையில் நிறுத்தச் சொல்லி, பின்னாடி பத்தடி தள்ளி நின்னு பாருங்க. தொட்டி ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தா அந்தப் பக்கத்துப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) கட்டு தளர்ந்திருக்கும், இல்லைன்னா சேசிஸ் முறுக்கியிருக்கும். அடுத்து டார்ச், சின்னச் சுத்தியல், கம்பி பிரஷ் எடுத்துக்கிட்டு அடியில் போங்க. விரிசல் விடற இடம் மூணு: தொட்டி திரும்பற பின்பக்க அச்சாணியைத் தாங்கற பிராக்கெட், கேபினுக்கு நேர் பின்னாடி, பட்டை மாட்டற ஹேங்கர் பக்கம். தொட்டி தூக்கும்போது பாரத்தில் பெரும்பங்கு அந்த அச்சாணியில் விழும். மேடு பள்ளத்தில் தூக்கின வண்டியில் ஒரு பக்கம் மட்டும் இழுபடும், அங்கே பிளக்கும். துரு கோடாக் கசியுதான்னு பாருங்க. சந்தேகமான இடத்தில் தட்டினா நல்ல இரும்பு கணீர்னு கேட்கும், பிளந்தது மொத்தையாக் கேட்கும். மேலே இரும்புத் தகடு வச்சு வெல்டிங் அடிச்சு மறைச்சிருந்தா விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசவே வேண்டாம், அடுத்த வண்டிக்குப் போங்க. சேசிஸில் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் மின்னினா பிரஷ்ஷால் தேய்ச்சுப் பார்த்துட்டுத்தான் மறு வேலை. நீட்டின கேபின்னா முன்கதவுக்குப் பின்னாடி ஓடற வெல்டிங் கோட்டையும், கேபின் மவுன்டிங் ரப்பரையும் பாருங்க. கேபின் நீண்டு தொட்டி குறுகினா பாரம் பின்னுக்குத் தள்ளும். ஸ்டீயரிங் இலகுவாயிட்டா முன்னாடி எடை போதலைன்னு அர்த்தம்.

ஹைட்ராலிக்கை வெறும் தொட்டியில் சோதிச்சுப் பிரயோசனமில்லை. காரணம்பேட்டை, க.பரமத்தி பக்கம் கிரஷர் எதுக்கும் பஞ்சமில்லை, அரை லோடு ஏத்தியே பார்க்கலாம். பாதி உயரத்தில் நிறுத்தி, தொட்டியைத் தூக்கற ஜாக்கியோட ராடில் சாக்பீஸ் கோடு போட்டு, இன்ஜினை அணைச்சு 10 நிமிஷம் விடுங்க. கோடு இறங்கினா சீல் அல்லது வால்வு. வெறும் தொட்டியா ஏறி, லோடோட திணறினா பம்ப் தேய்ஞ்சிருக்கும், இல்லை ரிலீஃப் வால்வு சரியில்லை. விட்டு விட்டு ஏறினா எண்ணெய் குறைவு, இல்லை காற்று. எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கு. ராடில் நகம் மாட்டற கீறல் இருந்தா புது சீலும் நிக்காது. பி.டி.ஓ.வை (இன்ஜின் சுழற்சியை ஹைட்ராலிக் பம்புக்குக் கொடுக்கற இணைப்பு) விடுவிச்ச பிறகும் உறுமல் கேட்டா அதையும் குறிச்சுக்குங்க. தூக்கின தொட்டிக்குக் கீழே முட்டுக் கொடுக்காமத் தலையை நீட்டாதீங்க.

இன்ஜின் விஷயம் சுருக்கம். காலையில் ஆறின இன்ஜினாப் பார்க்கணும். போகும்போதே சூடா இருந்தா, ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க. எண்ணெய் ஊத்தற மூடியைத் திறந்தா புகை தள்ளக் கூடாது. ஓட்டும்போது நீலப் புகை வந்தா எண்ணெய் எரியுது. ஏத்தத்தில் ரெண்டாம் கியர் தானாத் துள்ளி விலகுதான்னும் பாருங்க.

எம்பரிவாகன்கிற அரசுச் செயலியில் எஃப்.சி., வரி, இ-சலான், கடன் பதிவு எல்லாம் தெரியும். கடன் இருந்தால், அது முடிஞ்சதுன்னு காட்டற படிவம் 35 இல்லாமப் பணம் நீட்டாதீங்க. கிராவல் மண் கடத்திப் பிடிபட்ட வண்டியாங்கிறதையும் கேளுங்க, வழக்குச் சிக்கல் உங்க தலையில் வரலாம். 8 வருஷம் தாண்டின வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம்.

கையில் 6 லட்சம் இருந்தா வண்டிக்கு நாலரைக்கு மேல் பேச வேண்டாம். டயர், பிரேக் லைனிங், சீல் கிட், பேட்டரின்னு மீதி போய்ச் சேர்ந்துரும். பேர் மாத்தற படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கி, 30 நாளைக்குள் பேர் மாத்தக் கொடுத்துருங்க. கடைசித் தொகையில் கொஞ்சத்தைப் பேர் மாறின ஆர்.சி. கைக்கு வரும்வரை நிறுத்தி வைக்க விற்கிறவர் ஒத்துக்கிட்டா நல்லது.