பேஸ்பால் வீரரின் கண்ணாடி: பந்தின் தொலைவை ஏமாற்றும் தவறுகள்

பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்தை எறிபவர், நிற்கும் மேட்டிலிருந்து மட்டையாளர் அருகே தரையில் பதித்த ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து இந்தத் தூரத்தை ஏறக்குறைய 0.4 விநாடியில் கடந்துவிடும். அதற்குள் பந்தின் தொலைவை மட்டையாளர் கணித்தாக வேண்டும். பந்தின் உருவம் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதையும், இரு கண்களும் காணும் படங்களுக்கிடையே உள்ள சிறு வேறுபாட்டையும் கொண்டே மூளை அதைக் கணிக்கிறது. எனவே கண்ணாடி வாங்கும்போது நிறத்தையும் அழகையும் பார்ப்பதற்கு முன், இரு கண்களுக்கும் ஒரே தரமான படம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு பக்க லென்ஸ் கீறியிருந்தாலும் "இன்னொரு கண்தான் தெளிவாகத் தெரிகிறதே" என்று அதையே அணிந்து ஆடுவது மிகப் பரவலான தவறு. இரு கண்களிலும் பார்வை சமமாக மங்குவதைவிட, ஒரு கண்ணில் மட்டும் மங்குவது தொலைவு உணர்வை அதிகமாகக் கெடுக்கும். உடைந்த லென்ஸுக்குப் பதிலாக வேறு நிற அடர்த்தியில் ஒன்றை மாட்டிக்கொள்வது இன்னும் மோசம். ஜெர்மன் இயற்பியலாளர் கார்ல் புல்ஃப்ரிச் 1922-இல் விளக்கிய விளைவு இதுதான்: குறைந்த ஒளி பெறும் கண்ணின் செய்தி மூளைக்குச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேருகிறது. வலது லென்ஸ் இருண்டிருந்தால், இடமிருந்து வலமாக ஓடும் பந்து இருக்கும் இடத்தைவிட அருகிலும், வலமிருந்து இடமாக ஓடுவது தொலைவிலும் தோன்றும். பக்கவாட்டில் பாயும் பந்தைப் பிடிக்கும் ஃபீல்டர் தன் கையையே சந்தேகிப்பார், பாவம், குற்றவாளி லென்ஸ்! வெளிச்சமான வெள்ளைச் சுவரைக் கண்ணாடியோடு பார்த்து, கண்களை மாறி மாறி மூடிப் பாருங்கள். வெளிச்சம் வேறுபட்டால், முதலில் கண்ணாடியைக் கழற்றி அதே சோதனையைச் செய்யுங்கள். அப்போது வேறுபாடு மறைந்துவிட்டால் லென்ஸை மாற்றுங்கள். மறையாவிட்டால் கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கடையில் முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் நேராக நின்று பிரேமைத் தேர்ந்தெடுப்பதும் தவறுதான். மட்டையாளர் அப்படி நிற்பதில்லை. வலக்கை மட்டையாளர் இடத்தோளுக்கு மேலாகப் பிட்சரைப் பார்க்கிறார். தலை முழுவதும் திரும்பாவிட்டால் வலக் கண் மூக்கை ஒட்டிய விளிம்பு வழியாகத்தான் பார்க்கும். அங்கே பிரேம் தடித்திருந்தால் அந்தக் கண்ணுக்குப் பந்து மறைந்து, இரு கண் பார்வை ஒரு கண் பார்வையாகிவிடும். எனவே கடையிலேயே மட்டை பிடிக்கும் நிலையில் நின்று பாருங்கள். ஃபீல்டர் அண்ணாந்தும் பார்க்க வேண்டும், மேல் விளிம்பு பந்தை மறைக்கிறதா என்று.

முகத்தைச் சுற்றி வளையும் கண்ணாடியில், சாதாரணக் கண்ணாடிக்கு எழுதிய பவரை அப்படியே பொருத்தச் சொல்லாதீர்கள். லென்ஸ் சாய்ந்து நிற்பதால் ஓரங்களில் உருவம் இடம்பெயரும். வளைவுக்கேற்பப் பவரைத் திருத்த வேண்டும். இரு கண்களின் பவருக்குமிடையே பெரிய வித்தியாசம் இருந்தால் இரு உருவங்களும் அளவில் வேறுபடும். அப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் கான்டாக்ட் லென்ஸ் நல்லது. அதன் மேல் பாதுகாப்புக் கண்ணாடி.

நண்பகலுக்கு ஏற்ற இருண்ட லென்ஸை மாலையிலும் கழற்றாமல் ஆடுவதைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கும். வெளிச்சம் குறையும்போது பார்வைக் கூர்மையும் குறைகிறது, கண்ணிலிருந்து செய்தி போவதும் தாமதமாகிறது. நிழல் நீளத் தொடங்கியதும் நிறமற்ற லென்ஸுக்கு மாறிவிட வேண்டும்.

கண்ணாடி போட்டால் ஆட்டம் கெடும் என்று பவர் தேவைப்படும் பிள்ளையை வெறுங்கண்ணோடு அனுப்பும் பெற்றோரும் உண்டு. 1988-இல் அமெரிக்காவின் இரு பெரும் பேஸ்பால் லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுக வீரர் விருதை வென்ற கிறிஸ் சாபோ பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து ஆடியவர். எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸும் உறுதியான விளையாட்டுப் பிரேமும் வாங்கிக் கொடுங்கள். புதுக் கண்ணாடியைப் போட்டியன்று முதன்முதலாக மாட்ட வேண்டாம். சில நாட்கள் மெதுவான எறிதல், பிறகு உயரப் பந்து, கடைசியாக வேகப் பந்து என்ற வரிசையில் அதற்குக் கண்ணைப் பழக்குங்கள்.